பதிலுக்கு விட்ட இடைவெளி

அந்த அம்மாளின் குரலை எங்கள் பல்கலைக்கழகம் மணிக்கு நாற்பது ரூபாய் என்று பேசி வாங்கியது. பேராசிரியர் முப்பதில் ஆரம்பித்தார். அந்த அம்மாள் விலையே சொல்லவில்லை, சிரித்தார். சிரிக்கிறவரிடம் பேரம் பேச முடியாது என்பது பேராசிரியருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிராளி வாயைத் திறக்கும் முன்பே தானாக நாற்பதுக்கு ஏறிவிட்டார். இருபத்தாறு மணி நேரம், முப்பது பாடம். ரசீதில் அந்த அம்மாள் தன் எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அதைப் படிக்கக் கட்டடத்தில் பேராசிரியரை விட்டால் ஆள் கிடையாது.

"பேசறதுக்குக் காசு குடுக்கறீங்க. எங்க வீட்டுல சும்மா பேசினாக்கூட கேக்க ஆளில்ல," என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது மொழித்துறைக் கேட்பறையில் சேர்ந்து மூன்று வாரம். டேப்பை மாட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அதே வேலை.

கேட்பறை முதல் மாடியில் இருக்கிறது. பலகை அடித்த பன்னிரண்டு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு மைக். மாணவர்கள் அவற்றைக் கூண்டு என்பார்கள். எதிரே என் மேசை, அதன்மேல் ஸ்பூல் சுற்றும் பெரிய இயந்திரம், பக்கத்தில் பன்னிரண்டு சுவிட்சு. ஓடுவது ஒரே டேப். பன்னிரண்டு கூண்டுக்கும் ஒரே சமயத்தில் போகும். எந்த எண் சுவிட்சைத் தட்டுகிறேனோ அந்தக் கூண்டில் கேட்பதும் பேசுவதும் என் காதுக்கு வரும். யார் படிக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு.

குரல் ஒரு கேள்வி கேட்கும். பதிலுக்கு இடைவெளி விடும். பிறகு அடுத்த கேள்வி. ஒலிப்பதிவின்போது ஏழு விநாடி இடைவெளி விடச் சொல்லியிருந்தார் பேராசிரியர். அந்த அம்மாளுக்குக் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. விரலால் மேசையில் ஏழு தடவை தட்டிக்கொள்வார். மைக்கில் விழுகிறதே என்றதற்கு, பதில் வராமல் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள், விழட்டும் என்றுவிட்டார். அதனால் முப்பது பாடத்திலும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் மெதுவாக ஏழு தட்டுக் கேட்கும்.

துறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: முதல் வருடத்தில் யாரும் உண்மை பேசக்கூடாது. புத்தகத்தில் உள்ள பதிலைத்தான் சொல்ல வேண்டும். "இங்க எல்லாருக்கும் ரெண்டு அண்ணன், ஒரு பூனை, ஆத்தங்கரையில ஒரு நீல வீடு," என்று முதலாண்டு ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிடுவார். "உண்மை பேசணும்னா அவங்கவங்க தாய்மொழியில பேசிக்கங்க, அதுக்குத்தானே அது இருக்கு." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருநூறு சொல்லை வைத்துக்கொண்டு உண்மையைத் தொட்டால் பாதியிலேயே கைச்சரக்கு தீர்ந்துவிடும்.

சர்வேயர் வந்து சேர்ந்தது அந்த அம்மாள் இறந்த எட்டாவது மாதம். அவர்தான் அந்த அம்மாளின் கணவர். முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஒலிப்பதிவு நடந்த நாட்களில் மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார். படியேறி வந்ததே இல்லை. இப்போது அறுபத்திரண்டு வயதில், மதியம் இரண்டு மணி சான்றிதழ் வகுப்பில், மீசை முளைக்காத பிள்ளைகளோடு வரிசையில் நின்று ஏழாம் கூண்டை வாங்கிக்கொண்டார். புத்தகம் வாங்க மாட்டேன் என்றார். காதால் கேட்டே படிப்பாராம்.

முதல் வாரமே காரணத்தைச் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடந்தது அவருடைய மொழியில். வேற்று மொழி வீட்டிலிருந்து வந்த அந்த அம்மாள் ஒரே வருடத்தில் இவர் மொழியைக் கற்றுக்கொண்டு, இவரைவிட நன்றாகச் சண்டை போட்டிருக்கிறார். இவர் அந்தப் பக்கம் ஒரு சொல் கற்கவில்லை. மகளுக்கும் சொல்லித்தர வேண்டாம், பள்ளிக்கூடத்தில் குழம்பிப்போகும் என்று தடுத்தவரும் இவர்தான். கடைசியில் அந்த அம்மாளுக்குத் தலைக்குள் ரத்தம் கட்டியது. மருத்துவமனையில் இருந்த மூன்று நாளும் கற்ற மொழி முழுக்க மறந்துபோய், பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. இவர் முகத்தையே பார்த்து ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். டாக்டருக்கும் புரியவில்லை, நர்சுக்கும் புரியவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் "சரி, சரி" என்றிருக்கிறார்.

"எதுக்கு சரின்னு சொன்னேன்னு எனக்குத் தெரியணும் தம்பி. படிக்காம பத்திரத்துல கையெழுத்துப் போட்ட மாதிரி உறுத்துது."

அந்தக் கேள்வியைக் காதில் விழுந்தபடி தன் அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். ஆசிரியரிடம் காட்டினால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாரே என்றேன். இருபத்தெட்டு வருடமும் அவள்தானே தன் மொழிக்கு இறங்கி வந்தாள், இதையாவது தானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

நான்காவது பாடம் குடும்பம். 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்?' என்று குரல் அதன் மொழியில் கேட்டது. 'ஐந்து பேர்' என்று பதினொரு கூண்டிலும் சொன்னார்கள். நான் ஏழாம் சுவிட்சைத் தட்டி வைத்திருந்தேன். சர்வேயர் கொஞ்சம் யோசித்து, அந்த மொழியில், 'ஒருவர்' என்றார்.

ஏழு தட்டு முடிந்தது. எட்டாவது தட்டுக் கேட்டது. ஒன்பதாவதும் கேட்டது. பிறகு குரல், 'இன்னொருவர் எங்கே?' என்றது.

இருபத்திரண்டு வருடமாக அந்த டேப்பை ஓட்டுகிறேன். முப்பது பாடமும் எனக்கு மனப்பாடம். அப்படி ஒரு கேள்வி அதில் இல்லை. மற்றச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாக் கூண்டிலும் அதே குரல், அதே நேரத்தில், 'பூனை என்ன நிறம்?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. 'கறுப்பு' என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஸ்பூல் ஒன்றுதான். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழாம் கூண்டுக்குத் திரும்பினேன். 'தெரியாது' என்றார் சர்வேயர். அது முதல் பாடத்துச் சொல்.

வகுப்பு கலைந்ததும் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மூன்று முறை கேட்டேன். பூனைதான் வந்தது. ஏழாம் கூண்டின் பலகையைக் கழற்றி வயரைத் தடவிப் பார்த்தேன். வயரில் கோளாறு இருந்தால் குரல் கரகரக்கும், விட்டுவிட்டு வரும். புதிதாகக் கேள்வி கேட்காது. பலகையைத் திருப்பி மாட்டும்போது இரண்டு திருகாணி கீழே விழுந்தது. அதில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.

அதற்குப்பின் ஒவ்வொரு பாடமும் இப்படியே நடந்தது. சர்வேயருக்குப் பொய் வரவில்லை. அளக்கிற ஆள், முழம் குறைத்துப் பழக்கமில்லை. சந்தையைப் பற்றிய பாடத்தில் அவர் எதுவும் வாங்கவில்லை என்றார். குரல், 'சரியாகச் சாப்பிடுகிறீர்களா?' என்றது. வீட்டைப் பற்றிய பாடத்தில் நீல வீட்டை விட்டுவிட்டுத் தன் வீட்டைச் சொன்னார். 'குழாய் இன்னும் சொட்டுகிறதா?' என்றது. 'சொட்டுகிறது' என்றார். அந்தப் பக்கம் விரல் தட்டுவது கொஞ்சம் வேகமானது. பதில் பிடிக்காவிட்டால் அந்த அம்மாள் அப்படித்தான் தட்டுவார் என்று எனக்கு ஒலிப்பதிவு நாட்களிலிருந்தே தெரியும்.

"நல்லா தயார் பண்ணியிருக்காங்க தம்பி," என்றார் வெளியே வரும்போது. "குழாய் வரைக்கும் கேக்கறாங்க."

நான் டேப்பைச் சுற்றிக்கொண்டே சிரித்து வைத்தேன். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி வரவில்லை என்று சொன்னால் அவர் வருவதை நிறுத்திவிடுவார், இல்லாவிட்டால் நிறுத்தவே மாட்டார். இரண்டில் எதையும் நான் தலையில் கட்டிக்கொள்ளத் தயாரில்லை.

இருபத்தோராம் பாடத்து நாளில் பிள்ளைகள் போனபின்பும் அவர் கூண்டை விட்டு எழவில்லை. ஏழாம் சுவிட்சை நான் இன்னும் அணைக்கவில்லை. குறிப்பேட்டைப் பிரித்து வைத்து அந்தக் கேள்வியை மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல, தனக்குத்தானே படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி பிடிபட்டிருக்க வேண்டும், ஒரு சொல்லில் நின்று நின்று தலையாட்டினார். எனக்கு முழுதும் பிடிபட்டது. அது முப்பதாம் பாடத்தில் வருகிறது. தலைப்பு, விடைபெறுதல்.

'நான் புறப்படுகிறேன். நீங்களும் வருகிறீர்களா?'

அன்றைக்கு வீட்டில் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என்ன உடம்புக்கு என்று மனைவி கேட்டாள். ஒரு பெரிய மனிதர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வயிறு சரியில்லை என்றேன்.

இதற்கிடையில் மகள் துறைக்குத் தொலைபேசியில் பேசத் தொடங்கினாள். வேறு ஊரில் இருக்கிறாள், தலைப்பிரசவம். என்னைப் பார்த்ததில்லை, இருந்தாலும் மாமா என்பாள்.

"எட்டு மாசம் முடியப்போகுது மாமா. இங்க வந்து இருங்கப்பான்னா கோர்ஸ் முடியட்டுங்கறாரு. அறுபத்திரண்டு வயசுல என்ன கோர்ஸ்? படிச்சு முடிச்சு எந்த ஆபீஸ்ல உக்காரப்போறாராம்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரொம்ப மெலிஞ்சுட்டாரா?" என்று கேட்டாள்.

மெலிந்திருந்தார். கூண்டுக்குள் இருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் முகம் தெளிந்திருக்கும்.

இருபத்தொன்பதாம் பாடம் முடிந்த மதியம் அவரை என் மேசைக்கு அழைத்தேன். இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்றார். கடைசி ஸ்பூல் அறுந்துவிட்டது என்று ஒரு பொய்யை விட்டுப் பார்த்தேன். ஒட்டும் நாடா என் இழுப்பறையில் இருப்பது அவருக்குத் தெரியும். இழுப்பறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காத்திருக்கிறேன் என்றார். வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்து முப்பதாம் பாடத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன்.

விரலை வரியின்மேல் ஓட்டிப் படித்தார். குறிப்பேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு வரைபடத்தை ஒப்பிடுகிறவர்போல மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தனை தடவை சரின்னீங்க சார்?"

"பதினொண்ணு. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். அவ பேசறது புரியல, வேற என்ன செய்ய?"

அதற்குமேல் மறைப்பது முறையில்லை என்று பட்டது. பூனையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"தெரியும் தம்பி. எங்க வீட்டுக் குழாய் சொட்டறது எந்தப் பாடப்புத்தகத்துல வரும்?"

கடை வைத்துப் பிழைத்த எங்கள் வீட்டுப் பழக்கம் கைகொடுத்தது. பேரம் பேச உட்கார்ந்துவிட்டேன். சரக்கு என்ன என்று தெரியாமல் சொன்ன சரி எந்தக் கடைவீதியிலும் செல்லாது என்றேன். மகளைச் சொன்னேன். வரப்போகிற குழந்தையைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கடைசியில், பதினொரு தடவை சொன்னதை மாற்றிப் பேசினால் அவளுக்கு என்மேல் என்ன மரியாதை இருக்கும் என்றார்.

"மாத்தவே வேணாம் சார். தள்ளிப்போடுங்க. புத்தகத்துல பதில் இருக்கு பாருங்க. 'இல்லை, எனக்கு வேலை இருக்கிறது. பிறகு வருகிறேன்.' பிறகுன்னா தேதி கிடையாது, கிழமை கிடையாது. இதைவிட நல்ல விலை யாருக்கும் கிடைக்காது."

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"பாடம் சொல்லச் சொல்றேன்."

அதற்குச் சிரித்தார். புத்தகத்தை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பேரம் படிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்குப் பன்னிரண்டு கூண்டும் நிறைந்திருந்தது. கடைசிப் பாடம் என்று பிள்ளைகளுக்குக் குஷி. நான் ஏழாம் சுவிட்சைத் தட்டி வைத்துக்கொண்டு டேப்பை விட்டேன். குரல் தெளிவாக வந்தது. 'நான் புறப்படுகிறேன். நீங்களும் வருகிறீர்களா?' பதினொரு வாய் ஒன்றாக, இல்லை, எனக்கு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்றன. அவர்களுக்குக் குரல் வாழ்த்துச் சொல்லி முடித்தது. டேப் தீர்ந்து, வால் நுனி ஸ்பூலில் பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தினேன். பிள்ளைகள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சளசளவென்று படியிறங்கிப் போனார்கள்.

ஏழாம் கூண்டில் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

இயந்திரத்தின் விளக்கு அணைந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். என் காதில் விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது. அவசரம் இல்லாத தட்டு. நான் இருபதுவரை எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டேன்.

'இல்லை,' என்றார் சர்வேயர். 'எனக்கு வேலை இருக்கிறது. பிறகு வருகிறேன்.' நன்றாகவே சொன்னார். தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண்.

தட்டு நின்றது. குரல் கேட்டது: 'பிறகு என்றால் எப்போது?'

நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். மேசையிலிருந்து கூண்டுக்குப் பதினைந்து அடி. நாற்காலியின் கை சட்டைப் பையில் மாட்டிக்கொண்டது. நாள் சொல்லாதீங்க சார் என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை, அவர் ஹெட்போன் போட்டிருந்தார். எல்லைக்கல் நடாத நிலத்தை ஆயுசில் விட்டு வந்திராத மனிதர். கையிலிருந்த கொஞ்சம் சொல்லைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். 'மகள். குழந்தை. பார்க்க வேண்டும். அறுபது நாள்.'

விரல் மறுபடி ஏழு தடவை தட்டியது. பிறகு குரல், அதன் மொழியில் அல்ல, எங்கள் மொழியில், "சரி" என்றது. எந்த டேப்பிலும் அந்த அம்மாள் எங்கள் மொழியில் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

சர்வேயர் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஒத்துக்கிட்டா," என்றார், ஏதோ அலுவலகத்தில் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டதுபோல. நான் அவரைத் திட்டினேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை. கடனுக்கு வந்தவனே கெடுவைச் சொல்வானா, வாயிலேயே வைத்துக்கொண்டு மென்றிருக்கக் கூடாதா என்றேன். அவர் என் தோளைத் தட்டி, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் மகள் ஊருக்கு ரயிலேறினார்.

அங்கே நன்றாக இருக்கிறார். மகள் இப்போதும் பேசுகிறாள். வீட்டில் எந்தக் குழாயும் சொட்டவில்லையாம், ஒன்றையும் விடாமல் பழுது பார்த்துவிட்டாராம். சாப்பாடு இரண்டு பங்காகிவிட்டது. இருபத்துநான்காம் நாள் பேத்தி பிறந்தாள்.

"பாப்பாகிட்ட முழுக்க அம்மா பாஷையிலதான் பேசறாரு மாமா. எனக்கே ஒண்ணும் புரியல. நீங்க என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?" என்று சிரித்தாள். அவர் எப்போது திரும்புவதாகச் சொன்னார் என்று கேட்டேன். அறுபது நாள் இருப்பேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாராம். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று பெருமையாகச் சொன்னாள்.

இங்கே புது வகுப்பு தொடங்கிவிட்டது. ஏழாம் கூண்டை யாருக்கும் கொடுக்கவில்லை, பழுது என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். தினமும் மதியம் பாடம் முடிந்து, டேப்பின் வால் அடித்துக்கொண்டு, பிள்ளைகள் இறங்கிப் போனபின், அந்தச் சுவிட்சைத் தட்டிக் காதைக் கொடுக்கிறேன். குரல் ஓர் எண்ணைச் சொல்கிறது. மறுநாள் அதில் ஒன்று குறைத்துச் சொல்கிறது. விடுமுறையில் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று மூன்று குறைந்திருந்தது.

முப்பது பாக்கி இருந்தபோது நானே கூண்டுக்குள் போய் உட்கார்ந்தேன். தொடைமேல் கையை ஊன்றிக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பேச்சில், 'தொண்ணூறு நாள்' என்றேன். ஏழு தட்டு. 'விலை ஒன்றுதான்' என்றது. ஒன்பதாம் பாடத்தில் கடைக்காரி சொல்லும் வாக்கியம் அது, எழுத்துப் பிசகாமல். எண்பது என்றேன், எழுபது என்றேன், குழந்தை தவழும்வரை என்றேன். அதே வாக்கியம். பிறகு, பிசிறில்லாத குரலில், 'நீங்கள் யார்?' என்றது. புத்தகப் பதிலைச் சொன்னேன்: நான் ஒரு மாணவன், எனக்கு இரண்டு அண்ணன்கள், ஆற்றங்கரையில் வீடு. சொல்லிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

மகளிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று தினமும் தொலைபேசியைப் பார்க்கிறேன். அவள் கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவள் குழந்தை கொட்டாவி விட்டதைச் சொல்கிறாள், தாத்தா தாலாட்டியதைச் சொல்கிறாள், வைத்துவிடுகிறாள்.

அவர் கேட்டு வாங்கிய நாள் அறுபது. கழிந்தது நாற்பத்துநான்கு. பாக்கி பதினாறு.